பவனி முடிந்த மறுநாள் அரசர் எங்கே?

ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஆண்டுதோறும் நவம்பரில் கிறிஸ்து அரசர் பெருவிழா கொண்டாடுகிறோம். நற்கருணைப் பவனியில் 'கிறிஸ்து அரசர் வாழ்க' என்று தொண்டை வற்ற முழங்குகிறோம். மறுநாள் காலை நான் வேலைக்குப் போகிறேன். கிடங்குக்கு வந்தே சேராத சரக்குக்கு 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடுகிறேன். அந்த நேரத்தில் அரசர் எங்கே இருக்கிறார்? மன்னர்கள் எல்லாம் போய்விட்ட இந்தக் காலத்தில் 'அரசர்' என்ற பட்டத்துக்கு என்ன பொருள்? அவருடைய அரசாட்சி அன்றாட வாழ்வை நடத்துவது என்றால் நடைமுறையில் எப்படி?"

நான் குருவானவர் அல்ல. எங்கள் பங்குக் கோயிலில் 30 ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன். அதே ஆண்டுகளில் பிழைப்புக்குத் தென்மாவட்ட ஊர் ஒன்றில் சிறிய அச்சகம் நடத்தினேன். ஞாயிறு காலை வகுப்பில் சொன்னதைத் திங்கள் காலை அச்சகத்தில் செய்தேனா என்ற கேள்வி என்னையும் விட்டதில்லை. அதனால் உங்கள் கேள்வியை வாசித்தபோது, யாரோ என் பழைய கணக்கு நோட்டைப் பிரித்தது போலவே இருந்தது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்து நமக்கு அரசரா என்பதை நாம் மண்டியிடும் இடத்தில் கண்டுபிடிக்க முடியாது. நமக்குக் கீழே ஒருவர் நிற்கும் இடத்திலும், நமக்கு மேலே நிற்பவர் நம்மிடம் பொய்யைக் கேட்கும் இடத்திலும்தான் அது தெரியவரும். இந்த இரண்டு இடங்களையும் பற்றியே மீதியை எழுதுகிறேன்.

முதலில் 'அரசர்' என்ற சொல். அது பழையதாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் நாளுக்குப் பத்துத் தடவை நாம் 'ஆண்டவரே' என்கிறோம். அந்தச் சொல்லின் வேர் 'ஆள்'. ஆள்பவர், ஆட்சி, ஆண்டவர் எல்லாம் ஒரே குடும்பம். 'இறை' என்ற சொல்லைப் பாருங்கள்: கடவுளுக்கும் அதுதான், அரசனுக்கும் அதுதான், அரசனுக்குச் செலுத்தும் வரிக்கும் அதுதான். வரி நீக்கப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'இறையிலி' என்றுதான் சொல்கின்றன. கோயில் என்பதே 'கோ'வின் இல்லம். கத்தோலிக்கர் 'உமது ஆட்சி வருக' என்று மன்றாடுகிறோம். மற்ற சபையார் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்கிறார்கள். ஆக, தமிழில் செபிக்கிற எவரும் அரசரைக் கூப்பிடாமல் செபிக்கவே முடியாது. சொல் நம் வாயில் உயிரோடுதான் இருக்கிறது. எந்த மாதிரி அரசரைக் கூப்பிடுகிறோம் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

அரசர்களைப் பற்றி நம்மைவிடக் கடுமையாகச் சந்தேகப்பட்டது விவிலியமே. 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தில் மக்கள் வந்து, "மற்ற இனங்களைப் போல எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும்" என்று கேட்கிறார்கள். முதியவரான சாமுவேல் அவர்களுக்கு ஒரு பட்டியல் வாசித்துக் காட்டுகிறார். உங்கள் மகன்களை எடுத்துக்கொள்வான், மகள்களை எடுத்துக்கொள்வான், நல்ல வயல்களையும் தோப்புகளையும் எடுத்துக்கொள்வான், தானியத்தில் பத்திலொன்றை எடுத்துக்கொள்வான், கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமைகள் ஆவீர்கள். எடுத்துக்கொள்வான், எடுத்துக்கொள்வான் என்று அந்த ஒரே வினை உளி விழுவது போல விழுந்துகொண்டே இருக்கிறது. இணைச்சட்டம் 17ஆம் அதிகாரம் அரசனுக்குக் கடிவாளம் போடுகிறது: குதிரைகளைப் பெருக்காதே, மனைவியரைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்காதே, சட்டத்தின் நகல் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வாசி, உன் சகோதரருக்கு மேலாக உன் உள்ளம் உயர்ந்துவிட வேண்டாம். அரசனும் சகோதரர்களில் ஒருவன் என்கிறது அந்தச் சட்டம். இந்தப் பின்னணி இல்லாமல் இயேசுவின் அரசாட்சியைப் படித்தால் நமக்குக் கிரீடமும் பட்டாடையும்தான் தெரியும்.

அப்பத்தைப் பலுகச் செய்த அன்று மக்கள் அவரைப் பிடித்து அரசராக்கப் பார்த்தார்கள். அவர் தனியாக மலைக்கு விலகிப் போனார் என்கிறது யோவான் 6:15. பிற இனத்தாரின் ஆட்சியாளர் மக்களை அடக்கி ஆளுகிறார்கள், உங்களிடையே அப்படி இருக்கக் கூடாது என்று சீடர்களிடம் சொன்னார். எருசலேமுக்குள் நுழையும்போது, செக்கரியா இறைவாக்கினர் சொன்னபடி கழுதையின் மேல் வந்தார். கடைசியில் படைவீரர்கள் அவருக்கு முள்முடி சூட்டி, கையில் ஒரு கோலைக் கொடுத்து, மண்டியிட்டுக் கேலி செய்தார்கள். பிறகு அதே கோலைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடித்தார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். செங்கோல் என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அடிக்கும் உரிமையைக் காட்டுவது கோல். இந்த அரசரின் கையில் இருந்த கோல், யார் மேலும் விழாமல் அவர் மேலேயே விழுந்தது. எடுத்துக்கொள்ளும் அரசர்களின் வரிசையில் கொடுத்து முடித்த ஓர் அரசர் வந்து நிற்கிறார்.

பெருவிழாவின் வரலாறும் இதற்குப் பொருந்தியே வருகிறது. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று ஒரு சுற்றுமடல் வெளியிட்டு இந்த விழாவை ஏற்படுத்தினார். பண்டைத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 1600ஆம் ஆண்டு அது. முதல் உலகப் போர் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா ஆகிய நாடுகளின் பேரரசர்கள் விழுந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் புதுவகைத் தலைவர்கள் முளைத்து, மனிதரின் வரியோடு நில்லாமல் மனசாட்சியையும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதே ஆண்டு சனவரியில்தான் முசோலினி இத்தாலியில் சர்வாதிகாரத்தை வெளிப்படையாக நிறுவத் தொடங்கினார். திருத்தந்தை வாழ்ந்த நகரிலேயே அது நடந்தது. அந்த நேரத்தில், "உங்கள் முழு மனத்துக்கும் உரியவர் ஒருவர்தான்" என்று ஒரு விழாவை நாட்காட்டியில் எழுதிவைத்தது சிறிய காரியம் அல்ல. கிறிஸ்து மனிதரின் அறிவிலும் மனவுறுதியிலும் இதயத்திலும் உடலிலும் ஆள வேண்டும் என்று அந்த மடல் முடிவில் சொல்கிறது. உடலில் என்றதை நான் எப்போதும் கவனித்துச் சொல்வேன். கையெழுத்துப் போடுகிற கையும் உடல்தான்.

முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று இருந்த விழாவைத் திருத்தந்தை 6ஆம் பவுல் 1969இல் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றினார். மூன்று ஆண்டுச் சுழற்சியில் மூன்று நற்செய்திப் பகுதிகள் அன்று வாசிக்கப்படுகின்றன. ஓர் ஆண்டு மத்தேயு 25, அடுத்த ஆண்டு யோவான் 18, அதற்கடுத்து லூக்கா 23. ஒன்றில் பசித்தவர், சிறையில் இருப்பவர். இன்னொன்றில் விசாரணைக் கைதி. மூன்றாவதில் தூக்குத் தண்டனை போன்ற சிலுவை. அரசர் விழாவுக்கு இப்படிப்பட்ட வாசகங்களை யாராவது தேர்ந்தெடுப்பார்களா? திருச்சபை தேர்ந்தெடுத்திருக்கிறது. தேர் அலங்காரத்தில் நாம் காட்டும் அக்கறையில் பாதியையாவது அந்த வாசகங்களுக்குக் காட்டலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது யோவான் 18. "நீ அரசன்தானோ?" என்று கேட்கிறான் விசாரிக்கும் ரோமை ஆளுநன் பிலாத்து. இயேசு தம் அரசாட்சிக்கு எல்லை வரைகிறார்: "உண்மையைச் சார்ந்தவர் அனைவரும் என் குரலுக்குச் செவிசாய்க்கின்றனர்." இந்த அரசரின் ஆட்சிப் பகுதி எது என்றால் உண்மை. அதன் எல்லைக்கல் நிற்பது உங்கள் கிடங்கிலும்தான். வராத சரக்கை வந்தது என்று எழுதும் நொடியில் அந்த எல்லையைத் தாண்டி வேறு ஆட்சிக்குள் கால் வைக்கிறோம். அனுபவச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், பயணப்படி பில், பத்திரத்தில் எழுதும் நில மதிப்பு என்று இந்த எல்லைக்கற்கள் நம் ஊரில் எத்தனையோ இடங்களில் இருக்கின்றன. "எல்லாரும் போடுகிறார்கள்" என்பது அந்த மற்ற ஆட்சியின் தேசிய கீதம். நானும் அதைப் பாடியிருக்கிறேன்.

நீங்கள் ஒருவேளை நினைக்கலாம், ஒரு பில்லுக்கு இவ்வளவு பெரிய வேதமா என்று. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சாட்சியைச் சொல்ல வேண்டும். கி.பி. 180, சூலை 17. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ரோமை ஆளுநர் சத்தூர்னினுஸ் முன்னால் பன்னிரண்டு கிறிஸ்தவர்கள் நிற்கிறார்கள், ஏழு ஆண்கள், ஐந்து பெண்கள். ஸ்கில்லியம் என்ற சிற்றூர்க்காரர்கள். அந்த விசாரணைக் குறிப்பு மிகச் சுருக்கமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. பேரரசரின் பெயரால் சத்தியம் செய் என்கிறார் ஆளுநர். ஸ்பெராத்துஸ் என்பவர் மறுக்கிறார். ஆனால் மறுக்கும்போது அவர் சொல்லும் வாதத்தைக் கவனியுங்கள். நான் திருடியதில்லை, எதை வாங்கினாலும் அதற்குரிய வரியைக் கட்டிவிடுகிறேன், ஏனென்றால் அரசர்களுக்கெல்லாம் அரசரான, எல்லா மக்களினங்களுக்கும் பேரரசரான என் ஆண்டவரை நான் அறிந்திருக்கிறேன், என்கிறார்.

இதை முதலில் வாசித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உயிர் போகப்போகிற நேரத்தில் ஒருவர் தம் அரசரைப் பற்றிச் சாட்சி சொல்கிறார். அதற்கு ஆதாரமாகக் காட்டுவது சந்தையில் கட்டிய வரியை! பேரரசரின் பெயரால் சத்தியம் செய்ய மறுத்த அதே வாய், பேரரசருக்குச் சேரவேண்டிய காசை ஒருநாளும் ஏமாற்றவில்லை என்று சொல்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மேலே ஓர் அரசர் இருக்கிறார். அவர்களில் தொனாத்தா என்ற பெண் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: சீசருக்குச் சீசர் என்ற அளவில் மரியாதை, அச்சமோ கடவுளுக்கு. யோசித்துப் பார்க்க முப்பது நாள் தருகிறேன் என்றார் ஆளுநர். அவர்கள் ஏற்கவில்லை. அன்றே வாளுக்கு இரையானார்கள்.

அந்தச் சந்தை வரி இல்லாமல் அந்தச் சாட்சி நின்றிருக்குமா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இதே பாதையில் நம் காலத்துக்கு அருகில் ஒருவர் நடந்திருக்கிறார். ஆஸ்திரியாவின் சங்க்ட் ராடெகுண்ட் கிராமத்து விவசாயி ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். மணவாழ்வில் மூன்று பெண் பிள்ளைகள் பெற்றவர், கோயில் பணியாளர். 1938 ஏப்ரலில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதற்கு ஒப்புதல் வாக்கெடுப்பு நடந்தபோது அந்த ஊரிலேயே எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். ஹிட்லரின் போரில் சண்டையிட்டுக்கொண்டே கிறிஸ்துவின் ஊழியனாகவும் இருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார். அவருடைய ஆயரே, குடும்பத்தை நினைத்துப் பார் என்றுதான் அறிவுரை சொன்னார். மருத்துவ உதவிப் பணிக்கு வருகிறேன் என்றார் ஃப்ரான்ஸ்; அது ஏற்கப்படவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் நகரில் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. அப்போது 94 வயதான அவர் மனைவி ஃப்ரான்சிஸ்கா அந்தத் திருப்பலியில் இருந்தார். 1943இன் மறுப்புக்குப் பழக்கம் கொடுத்தது 1938இன் அந்த ஒற்றை வாக்கு. யாருக்கும் பெரிதாகத் தெரியாத, ஊராருக்கு எரிச்சல் மட்டும் தந்த வாக்கு.

உங்களிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. கேட்பது ஒரு கையெழுத்து. அதனால் இந்தப் பெரியவர்களின் கதை உங்களுக்கு அன்னியம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர்களும் கையெழுத்து அளவிலான காரியங்களில்தான் ஆரம்பித்தார்கள்.

இனி மற்றப் பக்கத்துக்கு வருகிறேன். நமக்குக் கீழே ஒருவர் நிற்கும் இடம். இதைச் சொல்ல எனக்கு என் கதைதான் இருக்கிறது.

2004 நவம்பர். பெருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை. பங்குக் கோயிலுக்கு விழா அழைப்பிதழும் பாடல் தாளும் எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம். முதல் பக்கத்தில் கிரீடம் அணிந்த கிறிஸ்து, கையில் உலக உருண்டை. தேர் அலங்காரத்துக்கு 5000 ரூபாய் தருவதாக நான் பங்குப்பேரவைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தேன். அன்று மேசை இழுப்பறையில் இருந்தது 8000 சொச்சம். நான்கு பேருக்கு வாரக்கூலி 6000க்கு மேல் வரும். மாலை ஐந்தரைக்கு, "இந்த வாரம் மட்டும் திங்கள்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். மூன்று பேர் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். பைண்டிங் வேலை செய்யும் பெண் மட்டும் வாசற்படியில் நின்று, விரலில் காய்ந்திருந்த மைதாப் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, நாளைக்குத் திருவிழா" என்றார். அவ்வளவுதான். அவருக்குப் பக்கத்தில் அவரே மடித்து அடுக்கிய பாடல் தாள்கள் இடுப்பளவு நின்றன. எல்லாத் தாளிலும் கிறிஸ்து அரசர். நான் ஷட்டரை இறக்கினேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் அந்தப் பசை கண்ணில் வந்து நின்றது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியர் 19இல் இருப்பதை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மற்ற மூவரிடமும் கொடுத்துவிட்டு இவர் வீட்டுக்குப் போகும்போது மணி எட்டரை. மகனுக்குச் சட்டை எடுக்கக் கம்மலை அடகு வைத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பணத்தை வாங்கிக்கொண்டார். கோபப்படவில்லை. அந்தக் கம்மலை மீட்க அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று. வட்டியை நான் கட்டுகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார்.

மத்தேயு 25இல், இறுதித் தீர்ப்பு நாளில் அரசரின் இடப்பக்கம் நிற்பவர்கள், "ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே காணவில்லை. இரண்டடி தூரத்தில் நின்றவரை நானும் காணவில்லை. தாளில் அச்சடித்த அரசரைத்தான் கண்டேன். வலப்பக்கம் நிற்பவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அவர்களுக்கும் அடையாளம் தெரிந்திருக்கவில்லை. பசித்தவருக்குச் சோறு போடுவது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது, அவ்வளவுதான். ஆகவே உணர்ச்சி பொங்கும்வரை காத்திருக்க வேண்டாம், பழக்கத்தை மாற்றினால் போதும் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை ஐந்து மணிக்கு இழுப்பறையிலிருந்து முதலில் வெளியே போவது கூலி. கோயில் காணிக்கை அதற்குப் பிறகு. அச்சகத்தை விற்கும்வரை அதை மாற்றவில்லை.

"நான் முதலாளி இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். நாம் எல்லாரும் எங்கேயோ ஓரிடத்தில் சின்ன ராஜா. வரிசையில் நிற்பவர்களை எழுத்தர் ஆள்கிறார். பயணிகளை நடத்துநர் ஆள்கிறார். வீட்டில் தட்டு கழுவாத ஆண் அந்த வீட்டின் ராஜாவாகவே வாழ்கிறார். புனித வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைப் பார்த்துக் கண்ணீர் விட்டுவிட்டு வந்து, "தண்ணீர் கொண்டு வா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கிறார். ஆசிரியர், மூத்த மருமகள், அன்பியம் என்ற அக்கம்பக்கச் செபக் குழுவின் தலைவர், பாடகர் குழுவில் மைக்கை விடாதவர் என எல்லாருக்கும் ஒரு கோல் கையில் இருக்கிறது. அந்தக் கோல் யார் மேல் விழுகிறது என்று பார்த்தால் அங்கே ஆள்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடித்தால் நான் நேர்மையற்றவன். கிறிஸ்துவின் அரசாட்சிக்கு எதிராக நம் திருச்சபைக்குள்ளேயே சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கும் அரசன் சாதிதான். தமிழகத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கென்று சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்று சண்டை போட்டுக் கோயிலைப் பூட்டிய ஊர்கள் உண்டு. 'கத்தோலிக்க மணமகள் தேவை' என்று எழுதி, அடுத்த சொல்லில் சாதியைப் போடும் விளம்பரங்களை நானே அச்சடித்திருக்கிறேன். 'அரசர் வாழ்க' என்ற முழக்கத்தோடு போகும் தேர் ஒரு தெருவின் முனையில் நின்று திரும்புகிறது என்றால், அந்த முனை வரைக்கும்தான் கிறிஸ்து அரசர். அதற்கு அப்பால் வேறொருவன். உங்கள் தலைமுறை இதைப் பேசித் தீர்க்காது. பெண் எடுத்து, பெண் கொடுத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் தீர்க்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிறிஸ்துவின் அரசாட்சியை நாட்டைப் பிடிக்கும் திட்டமாக்கியவர்கள் வரலாற்றில் உண்டு. சிலுவைக் கொடியோடு கப்பலேறி வந்து பிறர் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் சாமுவேலின் பட்டியலில் இருக்கும் அரசர்கள்தாம். பாலைநிலத்தில் உலக அரசுகளை எல்லாம் காட்டி, "இவற்றைத் தருகிறேன்" என்று சோதிப்பவன் சொன்னபோது இயேசு வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்றதை அவர் பெயரில் நாம் வாங்கக் கூடாது. குடிமக்களாக நமக்கு இருக்கும் கடமை வேறு: வரியை ஒழுங்காகக் கட்டுவது, வாக்குக்குப் பணம் வாங்காமல் இருப்பது. ஸ்பெராத்துஸ் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

நடைமுறையில் என்ன செய்வது? நான் பழகியதைச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் 'உமது ஆட்சி வருக' என்பதோடு அன்றைய நாளில் ஓர் இடத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். "கிடங்கில் உமது ஆட்சி வருக." "மேலாளர் அறையில் உமது ஆட்சி வருக." இடத்தின் பெயரைச் சொன்னால் செபம் தரையில் கால் ஊன்றும். இரவில் படுக்கும் முன், இன்று யார் மேல் எனக்கு அதிகாரம் இருந்தது, அதை என்ன செய்தேன் என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். பாவப் பட்டியல் வேண்டாம். இந்த ஒரு கேள்வி போதும். ஒரு வாரத்தில் நமக்கு நம் முகம் தெரியும். முடிவெடுக்கத் தடுமாறும்போது கொலோசையர் 3:15 உதவும். கிறிஸ்து தரும் அமைதி உங்கள் உள்ளங்களை நெறிப்படுத்தட்டும் என்கிறார் பவுல். கிரேக்க மூலத்தில் அந்த வினைச்சொல் விளையாட்டுப் போட்டியின் நடுவரோடு தொடர்புடையது. இரண்டு பக்கமும் வாதம் பலமாக இருக்கும்போது நடுவர் கை தூக்குவார். கையெழுத்துப் போட்ட அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், அந்த நடுவர் கையைத் தூக்கிவிட்டார் என்று பொருள். நீங்கள் இந்தக் கேள்வியை எழுதியதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனி அந்தக் கையெழுத்து. மனந்திரும்பி வந்த வரிதண்டுவோரிடம் திருமுழுக்கு யோவான், வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் தண்டாதே என்றார். படைவீரரிடம், மிரட்டிப் பணம் பறிக்காதே, உன் கூலி போதும் என்று இரு என்றார். அதுபோல நீங்களும் உங்கள் நாற்காலியிலேயே இருந்துகொண்டு தொடங்குங்கள். நாளைக்கு அந்தத் தாள் வரும்போது எல்லார் முன்னாலும் வேதம் பேச வேண்டாம். அது மேலாளரை மூலைக்குத் தள்ளும். தனியாகப் போய், "சரக்கு வந்து இறங்கியதும் அதே நிமிடம் போடுகிறேன்; வராததற்கு என்னால் போட முடியாது" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அன்றே தேதியோடு ஒரு மின்னஞ்சல் எழுதி வையுங்கள்: இந்தப் பில்லுக்கான சரக்கு இன்றுவரை வரவில்லை, வந்ததும் பெற்றுக்கொள்கிறேன் என்று. ஏற்கெனவே போட்ட கையெழுத்துகளைப் பற்றி முதலில் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடமும், உங்கள் ஆன்ம குருவிடமும் பேசுங்கள். இயேசுவைப் பார்க்க மரமேறிய வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு, மரத்திலிருந்து இறங்கிய அன்றே, யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னது நினைவிருக்கட்டும். அரசர் வீட்டுக்குள் வந்ததும் அவர் முதலில் திறந்தது கணக்கைத்தான்.

சில மேலாளர்கள் அதன் பிறகு உங்களிடம் அப்படிப்பட்ட தாளைக் கொண்டுவர மாட்டார்கள். சிலர் வேலையை விட்டே அனுப்புவார்கள். அது நடக்காது என்று நான் வாக்குறுதி தர மாட்டேன். அந்தச் சுமையை நீங்கள் தனியாகச் சுமக்கவும் கூடாது. கிறிஸ்துவின் ஆட்சியைத் தனிமனிதரின் மனசாட்சியில் மட்டும் ஏற்றிவிட்டுப் பங்கு முழுவதும் வேடிக்கை பார்ப்பது பெரிய அநியாயம். அதனால் இந்த வாரம் அன்பியக் கூட்டத்துக்குப் போகும்போது வழக்கம்போலச் செபமாலை சொல்லிக் கலைந்துவிடாமல், இந்த விஷயத்தை எடுத்து வையுங்கள். இந்தக் கையெழுத்தைப் போடாததால் உங்கள் வேலை போனால், வீட்டு வாடகைக்கு இரண்டு மாதம் யார் யார் எவ்வளவு போடுவது என்று அங்கேயே உட்கார்ந்து பேசட்டும்.